டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தால் மட்டும் போதாது

வீட்டில் லேன் கேபிள் கிரிம்ப் செய்பவர்கள் (முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்துபவர்கள்) அதிகம் சறுக்குவது கலர் வரிசையில்தான். கனெக்டரின் கிளிப் கீழே இருக்க, கேபிள் உங்கள் பக்கம் இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை.

பச்சை ஜோடிக்கு நடுவே நீல ஜோடி உட்காருவது பலருக்கு உறுத்தும். தயவுசெய்து மாற்றாதீர்கள். ஜோடி ஜோடியாகவே அடுக்கினால் சாதாரண டெஸ்டர் (கம்பி இணைப்பை விளக்கு எரித்துச் சோதிக்கும் கருவி) பாஸ் காட்டும். ஆனால் 3, 6 பின்கள் (இடமிருந்து எண்ணினால் மூன்றாவது, ஆறாவது கம்பிகள்) ஒன்றாக முறுக்கிய ஒரே ஜோடியாக இல்லாமல் வெவ்வேறு முறுக்கிலிருந்து வருவதால் இரைச்சல் புகுந்து லிங்க் விட்டுவிட்டு வரும்.

மேலுறையை 3 செ.மீ. உரித்து, கம்பிகளை நீவி நேராக்கி, 13 மி.மீ. விட்டு ஒரே வெட்டு. எட்டு செம்பு முனைகளும் கனெக்டரின் முன்சுவரில் முட்டி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலுறையும் உள்ளே போய், பின்பக்கப் பிடி அதன்மேல் அழுந்த வேண்டும். வெறும் கம்பியைக் கவ்வினால் நாலு இழுப்பில் கழன்றுவிடும்.

1000 எம்பிபிஎஸ் வராமல் 100-லேயே நிற்கிறதா? முதலில் 4, 5, 7, 8 பின்களைப் பாருங்கள். 100-க்கு அவை தேவையில்லை, 1000-க்கு எட்டும் வேண்டும்.

கேபிள் வாங்கும்போது கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.