கம்பியைத் தொட்டாலும் அடங்காத இரைச்சல்

எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை நானே பூட்டிப் பார்க்கலாம் என்று மூன்று கடைகளில் தனித்தனியாகப் பாகங்களை ஆர்டர் போட்டு, ஒன்றரை மாதத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன. பாடியாகப் போகும் ஒரு பலகை, விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்தான ஒரு நெக், அப்புறம் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பைகளில் ஸ்க்ரூக்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "கட்டில் ஏதாவது வாங்கினியாடா?" என்று கேட்டார்.

ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் என்ற மாடலின் வடிவத்தைத்தான் எடுத்திருந்தேன். முதல்முறை செய்பவனுக்கு அதைவிடத் தோதானது கிடையாது. 1950 வாக்கில் லியோ ஃபெண்டர் இதைக் கொண்டுவந்தபோதே நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் பூட்டுகிற மாதிரி செய்துவிட்டார், கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மனுஷன், அப்படித்தான் யோசிப்பார். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

என் பாடியில், கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குத் துளை போட்டிருக்கவில்லை. நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை 12.75 அங்குலம், அங்கிருந்து கம்பி உட்காரும் இடம் வரை மறுபடி அதே அளவு, மொத்தம் 25.5. இதில் தவறினால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போக அபஸ்வரம்தான். தடித்த கம்பிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும் என்பதால் பின்னால் நகர்த்த இடம் விட வேண்டும். நீளத்தைவிடப் பயம் கோணத்தில்தான், ஓரக் கம்பிகள் இரண்டும் ஓடும் வழியில் தையல் நூலைக் கட்டிப் பார்த்து, நூல் ஃப்ரெட் போர்டை விட்டு வெளியே போகவில்லை என்று நாலு தடவை உறுதி செய்த பிறகே டிரில்லைத் தொட்டேன்.

அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் நெக்கில் கோட்டை விட்டேன். மேப்பிள் கல் மாதிரி இருக்கும், துளை ஒரு நூல் சின்னதாகப் போட்டுவிட்டு முறுக்கியதில் முதல் ஸ்க்ரூவே பாதியில் முறிந்து உள்ளே தங்கிவிட்டது. மற்ற மூன்றுக்கும் பெரிய பிட் வாங்கி, ஆழம் தாண்டாமல் இருக்க அதில் டேப் சுற்றி, ஸ்க்ரூ மரையில் குளியல் சோப்பைத் தேய்த்து இறக்கினேன். வெண்ணெயாக இறங்கியது.

எண்ணெய் பூச்சு காய ஐப்பசி மழையில் பத்து நாள் போனது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

வயரிங்குக்கு வேண்டியதெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னால் வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைச் சூடேற்றவே முடியவில்லை, ஈயம் உருண்டு உருண்டு விழுந்தது. 60 வாட் இரவல் வாங்கி முடித்து ஆம்ப்பில் சொருகினால் பெரிய இரைச்சல். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) வகை என்றால் கொஞ்சம் இரையத்தான் செய்யும், ஆனால் கம்பியில் கை வைத்ததும் அடங்க வேண்டும். எனக்கு அடங்கவில்லை. இரண்டு சாயங்காலம் ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பிரித்துப் பற்றவைத்தேன். தற்செயலாக வால்யூம் குமிழ் இருக்கிற உலோகத் தகட்டில் விரல் பட்டபோது சட்டென்று அடங்கியது. அப்படியென்றால் எர்த் தகடு வரைக்கும் வந்திருக்கிறது, கம்பிகளுக்குப் போகவில்லை. வழக்கமான டெலிகாஸ்டரில் பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் ஓர் உலோகத் தகடு இருக்கும், அதன் வழியாகத்தான் பிரிட்ஜுக்கு எர்த் போகும். நான் வாங்கிய மலிவு பிக்கப்பில் அந்தத் தகடே இல்லை! வால்யூம் முதுகிலிருந்து ஒரு வயரை இழுத்து, முனையைச் சீவி பிரிட்ஜுக்கு அடியில் நசுக்கி வைத்தேன். ஐந்து நிமிட வேலை.

இப்போது நன்றாகவே பாடுகிறது, 14-ஆவது ஃப்ரெட்டில் மட்டும் லேசான கரகரப்பு. முறிந்த ஸ்க்ரூவை எடுக்கவில்லை. தலையை மட்டும் துளையில் ஒட்டி வைத்திருக்கிறேன், நெக்கைப் பிடித்திருப்பது மூன்றுதான். 1970-களில் ஃபெண்டரே சில கிட்டார்களை மூன்று போல்ட்டில் பூட்டி விற்றது, யாராவது கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.