கெட்டிஸ்பர்க் வக்கீல்

தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்றால் லிங்கன் காலத்து நாடாளுமன்றத்தில் அடிமை முறையை எதிர்த்து முழங்கியவர் என்றுதான் பலருக்கும் தெரியும். என் மனதில் நிற்பது அதற்கு முந்தைய ஸ்டீவன்ஸ்.

பிறவியிலேயே கால் ஊனம், வறுமையான குடும்பம். 1816-இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1821-இல் சேரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் விடுதலை கேட்ட வழக்கில் எஜமானர் பக்கம் வாதாடி ஜெயித்தார். அவரை எவ்வளவு பிடித்தாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1833-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். அடுத்த வருடம் இலவசப் பொதுப்பள்ளிச் சட்டம் வந்தது. வரி கட்ட வேண்டுமே என்று ஊரெல்லாம் எதிர்ப்பு, அவருடைய தொகுதியிலும்தான். மாநிலத்தின் மேலவையான செனட் அதைக் கைவிட வாக்களித்தேவிட்டது. 1835 ஏப்ரலில் கீழவையில் எழுந்தார். இந்தச் சட்டத்துக்கு முன்பு ஏழைக் குழந்தை இலவசமாகப் படிக்க வேண்டுமானால், பெற்றோர் தங்களைப் பரம ஏழை என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பழைய சட்டம் ஏழைக்கு முத்திரை குத்தும் சட்டம் என்றார் ஸ்டீவன்ஸ். பேச்சு முடிந்ததும் அவை அவர் பக்கம் திரும்பியது, பள்ளிகள் பிழைத்தன. ஓட்டுப் போட்டவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை என்று நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்புறம் 1838-இல், வெள்ளையருக்கு மட்டுமே வாக்குரிமை என்ற மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.