இரண்டு டிடிஎல், ஒரே 1001

போன மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து போன். கணக்கு பார்க்கும் அக்கா பேசினார். "தம்பி, லாட் நம்பர் வர்ற இடத்துல லாரி நம்பர் வந்து நிக்குதுங்க."

டாலி கணக்கு மென்பொருளில் அவர்களுக்காக நான் எழுதிக் கொடுத்த டிடிஎல் அது. டாலியில் இல்லாத வசதியைச் சேர்க்க எழுதும் சின்ன புரோகிராம்தான் டிடிஎல். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணிக்கு, ஒரே தடவையில் சாயம் போட்டதைக் குறிக்கும் லாட் நம்பர்தான் உயிர். லாட் மாறினால் ஷேடு மாறும். ஒரே ஆர்டரில் இரண்டு விதமான நீலம் பெட்டிக்குள் போய்விடும். அதற்காகத்தான் டெலிவரி சலானில் ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். இரண்டு வருடமாகச் சிக்கலில்லாமல் ஓடியது.

நேரில் போய்ப் பார்த்தேன். முந்தின வாரம் போக்குவரத்து விவரத்துக்காக இன்னொரு டிடிஎல் ஏற்றியிருக்கிறார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டாலியில் நாமாகச் சேர்க்கும் கட்டத்துக்கு யூடிஎஃப் என்று பெயர். நாம் என்ன பெயர் வைத்தாலும், டேட்டாவுக்குள் அது போய் உட்காருவது ஓர் எண்ணில்தான். நான் கொடுத்த எண் 1001, எழுத்து வகை. புதிய டிடிஎல்லை எழுதியவர் கொடுத்ததும் 1001, எழுத்து வகை. ஒன்று எழுத்தாகவும் இன்னொன்று தொகையாகவும் இருந்திருந்தால் முட்டியிருக்காது. ஒரு சலானை எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணுக்கு நேரே லாரி நம்பர் மட்டும் இருந்தது. லாட் இல்லை. எந்த எச்சரிக்கையும் வராது, கணக்கும் டேலி ஆகும். அதனால்தான் ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை.

1001 என்பது பழகுகிறவர்கள் எல்லாரும் முதலில் எடுக்கும் எண். நானும் யோசிக்காமல் எடுத்தேன். அது என் தவறு.

அந்த டிடிஎல் எழுதியவரிடம் எண்ணை மாற்றச் சொல்லலாமா? அதைப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறார். எண்ணை மாற்றினால் அத்தனை இடத்திலும் பழைய பதிவுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவர் மறுத்தது நியாயம்தான். நான் என் எண்ணை மாற்றினேன். பழைய சலான்களின் லாட் நம்பரைப் புதிய எண்ணுக்கு நகர்த்த ஒரு ஃபங்ஷன் எழுதி, பேக்கப்பில் மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் உண்மையான டேட்டாவைத் தொட்டேன். அந்த ஒரு வாரத்து நாற்பத்தேழு சலானுக்கு மட்டும் வழியில்லை. சாயப்பட்டறை அனுப்பிய காகிதங்களை அக்கா ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அடித்தேன்.

2020 நவம்பரில் டாலி பிரைம் வந்தபோதும் இதே போல ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது வேறு வலி. மூல மென்பொருளின் ஃபார்ம் பெயரைப் பிடித்துத்தான் நம் கட்டத்தைத் தொங்கவிடுகிறோம். திரை மாறினால் கட்டம் காணாமல் போகும், உடனே போன் வரும், சரிசெய்யலாம். டேட்டாவுக்குள் அமைதியாக நடக்கும் தவறுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அதிலும் எழுதியதைத் திறந்து படிக்க முடியாத டிசிபி ஃபைலாக மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், உள்ளே எந்த எண் இருக்கிறதென்று அடுத்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? எழுதிய புரோகிராமைக் கொடுக்காவிட்டாலும் போகட்டும், எண் பட்டியலையாவது வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அக்காவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்துவிட்டு வந்தேன்: எண், வகை, எதற்கு, யார் எழுதியது. நேற்று அந்த இன்னொருவரே கூப்பிட்டுத் தன்னுடைய ஒன்பது எண்களையும் சொன்னார். அக்கா தாளில் ஏற்றிவிட்டார்.