போர் தண்ணீரும் எங்கள் பாத்ரூமும்: மூன்று மாத அனுபவம்

மேடவாக்கத்தில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோதே பாத்ரூம் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை பூத்திருந்தது. பச்சை டைல்ஸ் என்பதே கதவோரம் இருந்த இரண்டு வரிசையைப் பார்த்துத்தான் தெரிந்தது. எந்நேரமும் போர் தண்ணீர்தான். சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தேன், கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் 200 வரை சரி. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத ஊரில் 600 வரை. சுண்ணாம்புக் கணக்கில் பார்த்தால், 20 லிட்டர் பக்கெட் ஒன்றில் 12 கிராமுக்கு மேல் கரைந்திருக்கிறது. குளித்த தண்ணீர் சுவரிலேயே காய்ந்தால் அது எங்கே போகும்?

பாத்ரூம் கழுவ விற்கும் ஆசிட்டை வாங்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். முன்பு இருந்த வீட்டில் மாதம் ஒரு பாட்டில் ஊற்றிக் கழுவுவோம். தரை பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமெண்டையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

முதல் வாரம்: மக்கும் பக்கெட்டும்

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், சிட்ரிக் ஆசிட் தூள்தான். 100 கிராம் 40 ரூபாய். மூன்று மேசைக்கரண்டித் தூளை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, விளிம்பில் வெள்ளை கட்டியிருந்த மக்கை அதில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். போட்ட உடனே விளிம்பைச் சுற்றி ஊசிமுனை அளவுக் குமிழ்கள் கிளம்பின. காலையில் நகத்தால் தள்ளினால் ஏடு ஏடாக வந்தது. தேய்க்கவே இல்லை. மூன்று வருடமாகத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. இந்தக் கறைக்கு வேண்டியது கை பலம் இல்லை, நேரம்.

ஷவர் தலைக்கும் இதே வைத்தியம். பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டேன். அதற்கு மேல் விட்டால் குரோமியப் பூச்சு மங்கும். அடைபட்டிருந்த துளைகளில் பாதிக்கு மேல் திறந்துகொண்டன. மிச்சத்தைத் தையல் ஊசியால் குத்தி எடுத்தேன்.

குழாய்க்கு மட்டும் அம்மா வேறு யோசனை சொன்னார். "ரசம் வச்ச புளிச்சக்கை சும்மாதானே கெடக்கு, அதைப் போட்டுத் தேய்ச்சுப் பாரு. எல்லாத்துக்கும் காசு குடுத்து வாங்கணுமா?" தேய்த்தேன். பத்து நிமிடம் அப்படியே அப்பி வைத்துக் கழுவினால் குழாய் மின்னுகிறது. புளியில் இருப்பதும் அமிலம்தானே. இப்போது குழாய்க்குப் புளிச்சக்கைதான், சுவருக்குத்தான் கட்டுப்படியாகாது.

இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை: சுவர்

இதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். முதலில் ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்தேன். கரைசல் வழிந்து தரைக்குப் போய்விட்டது, சுவர் அப்படியே இருந்தது. ஊறவைப்பதுதான் வேலை செய்கிறது என்றால் சுவரை எப்படி ஊறவைப்பது? பழைய வேட்டியைக் கிழித்துக் கரைசலில் நனைத்து, லேசாகப் பிழிந்து டைல்ஸ் மேல் ஒட்டினேன். தோசைக்கல்லில் மாவை இழுத்துவிடுவது போலக் கையால் தடவினால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நாற்பது நிமிடம் கழித்து ஒரு மூலையைப் பிடித்து உரித்தபோது, உள்ளே வெள்ளை தயிராடை போல இளகியிருந்தது. தேங்காய் நாரால் இரண்டு இழுப்பு. பச்சை தெரிந்தது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு தடவைக்கு ஆறு டைல்ஸ்தான் முடியும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

மூன்றாவது ஞாயிறு ஒரு தவறு நடந்தது. மூலையில் சோப்பு, ஷாம்பு வைக்க ஒரு கடப்பா கல் பதித்திருக்கிறார்கள். மேலே ஒட்டிய துணியிலிருந்து கரைசல் சொட்டியதை நான் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் கறுப்புக் கல்லில் சாம்பல் நிறத்தில் மூன்று கோடுகள், தடவினால் சொரசொரப்பு. கடப்பா கல்லே சுண்ணாம்புக் கல் இனம்தான். கறையும் சுண்ணாம்பு, கல்லும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மார்பிளுக்கும் இதே கதி. தேங்காய் எண்ணெய் தடவினால் சில நாள் கறுப்பாகத் தெரிகிறது, பிறகு மறுபடி வெளுக்கிறது. வீட்டுக்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் பாத்ரூமில் கடப்பாவோ மார்பிளோ இருந்தால் எலுமிச்சை, வினிகர், புளி எதையும் அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். அங்கே சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும் போதும்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து ஊற்றச் சொல்லி நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் கறையைக் கரைக்க எதுவும் மிஞ்சாது. ஆப்ப சோடாவைத் தனியாகக் குழைத்து, சோப்புப் பிசுக்குப் படிந்த இடத்தில் தேய்த்தால் நன்றாகப் போகிறது.

ஆறாம் வாரம்: கறுப்புப் பூஞ்சை

வெள்ளை போன பிறகு இடுக்குகளில் இருந்த கறுப்பு பளிச்சென்று தெரிந்தது. இது உப்பு இல்லை, பூஞ்சை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலக்கித் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கில் தடவினேன். பத்து நிமிடத்தில் கறுப்பு வெளிறியது. கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துத்தான் செய்தேன்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சிங்கையும் எந்த அமிலத்தையும் ஒரே நாளில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலகப்போரில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. சின்ன பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டையும் ஊற்றித் தேய்ப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நான் அமிலத்துக்கு ஞாயிறு, பிளீச்சிங்குக்குப் புதன் என்று வைத்துக்கொண்டு, இடையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

எட்டாம் வாரம்: வைப்பர்

சுத்தம் செய்த சுவரில் பத்தே நாளில் மறுபடி பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல். மனசு விட்டுப்போயிற்று. உப்பு தண்ணீரோடு வருவதை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு படியும். காய்வதற்குள் தண்ணீரை இறக்கிவிட்டால்? 120 ரூபாய்க்கு ஒரு கைவைப்பர் வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். கடைசியாகக் குளிப்பவர் சுவரை மேலிருந்து கீழாக இழுத்து, தரைத் தண்ணீரையும் தள்ளிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. சின்னவன் தினமும், "அப்பா, இன்னைக்கு நான்தான் கடைசி, நான்தான் இழுப்பேன்" என்று சண்டை போடுகிறான். ஐந்து வாரம் ஆகிறது, மங்கல் இன்னும் திரும்பவில்லை. பூஞ்சையும் மட்டுப்பட்டிருக்கிறது.

ஜாலிக்கு அடியில் சேரும் முடியை வாரம் ஒருமுறை எடுக்கிறேன். யாரும் பயன்படுத்தாத பின்பக்க பாத்ரூமிலிருந்து வந்த நாற்றத்துக்குக் காரணம் ஜாலிக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்கும் வளைவில் (டிராப்) தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனதுதான். இரண்டு நாளுக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன், நாற்றமும் கரப்பான்பூச்சியும் நின்றன.

இதுவரை செலவு: எலுமிச்சை உப்பு ஐந்து பாக்கெட் 200, வைப்பர் 120, பிளீச்சிங் பவுடர் 30. ஆக 350 ரூபாய்.

மிச்சம் இருப்பது டாய்லெட் கோப்பைக்குள் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் பழுப்பு வளையம். நேற்று ராத்திரி தண்ணீரை மக்கால் இறைத்துவிட்டு, வளையத்தின் மேல் தூளை நேரடியாகத் தூவி, ஈரத் துணியால் மூடி வைத்தேன். காலையில் பாதி போயிருந்தது. இன்று ராத்திரி இன்னொரு முறை வைக்கப் போகிறேன்.