கிளிக்கு மைக்ரோசிப் போடலாமா? முதலில் எடை பாருங்கள்

பறந்துபோன கிளி எந்த மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று செல்போன் காட்டும் என நம்பித்தான் பறவையின் உடலுக்குள் ஊசியால் செலுத்தும் இந்த அடையாளச் சிப் பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள். காட்டாது. அதில் பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால், அதன் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான். பறவை யார் கையிலாவது சிக்க வேண்டும், அவர் அதை ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த எண்ணோடு உங்கள் தொலைபேசி எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும்.

போடலாமா என்பதைத் தீர்மானிப்பது எடை. வழக்கமான சிப் 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். அதைச் செலுத்தும் 12 கேஜ் ஊசியின் தடிமன் கிட்டத்தட்ட 3 மி.மீ. மினி சிப் என்றால் 8 மி.மீ. நீளம், 1.4 மி.மீ. தடிமன்; ஊசியும் மெலிது. பறவைக்கு மினி சிப்பையே கேளுங்கள். இனி ரத்தக் கணக்கு. பறவையின் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். உடல் எடையில் 1 சதவீதம் வரை ரத்தம் இழப்பதை ஆரோக்கியமான பறவை தாங்கும். 40 கிராம் எடையுள்ள பட்ஜி என்ற குட்டிக் கிளிக்கு அது 0.4 மி.லி., அதாவது எட்டே சொட்டு. 400 கிராம் சாம்பல் கிளிக்கு 4 மி.லி. ஊசி இறங்கும் மார்புத் தசையில் ரத்தக் குழாய்கள் அதிகம் என்பதால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பட்ஜி, ஃபிஞ்ச் போன்றவற்றுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கொண்டை வைத்த சிறு கிளியான காக்கட்டீல் இரண்டுங்கெட்டான், பறவை மருத்துவத்தில் கைதேர்ந்தவர் பார்த்துச் சொல்லட்டும். சாம்பல் கிளி, அமேசான் கிளி, காக்கட்டூ, மக்காவ் போன்ற பெரிய கிளிகள் என்றால் தயங்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டிப் பயணம் உண்டென்றால் முடிவு இன்னும் எளிது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சாம்பல் கிளி 2017-இலிருந்து இருக்கிறது. அனுமதிச் சீட்டில் இருப்பது இந்தப் பறவைதான் என்று காட்ட அழியாத அடையாளம் தேவைப்படும்.

சிப் போட மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள் காலையில், தீனிக்கு முன்பு, 1 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை எடுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்தால் சிப்பைத் தள்ளிவைத்துவிட்டு நோயைப் பாருங்கள். மயக்கம் கொடுப்பார்கள் என்றால் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். ஆனால் எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். நாய்க்குச் சொல்வதுபோல இரவு முழுக்கப் பட்டினி போட்டால் சிறிய பறவை தளர்ந்துவிடும்.

பெரும்பாலும் ஐசோஃப்ளூரேன் வாயுவில் சிறிது நேர மயக்கம். எக்ஸ்ரே போன்ற வேறு வேலை இருந்தால் அதே மயக்கத்தில் முடித்துக்கொள்வது நல்லது. ஊசி போடும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கைமாறி வந்த பறவைக்குள் ஏற்கெனவே சிப் இருக்கலாம். இடம் இடது மார்புத் தசை. இறகை ஒதுக்கி, ஸ்பிரிட்டைச் சிக்கனமாகத் தடவுவார்கள். நனையவிட்டால் உடம்பு சில்லிட்டுவிடும். ஊசியை எடுத்ததும் துளையை விரலால் அழுத்திப் பிடித்து, காயத்தை ஒட்டும் திசுப் பசை ஒரு சொட்டு வைப்பார்கள். பசை இல்லாவிட்டால் போன வழியிலேயே சிப் வெளியே வந்து, கூண்டின் அடித்தட்டில் கிடக்கலாம். அதனால் ஊசிக்குப் பிறகும் ஒரு ஸ்கேன் கட்டாயம். எண்ணைச் சிப்போடு வந்த ஒட்டுத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஓரிரு நாள் பறக்க விடாதீர்கள். இறகில் புது ரத்தம், ஒரு பக்கம் தொங்கும் இறக்கை, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, தீனி எடுக்காமல் உப்பி உட்கார்ந்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே திரும்பிப் போங்கள்.

அதிகம் கோட்டைவிடுவது பதிவில்தான். சிப் போட்டவர் பதிவும் செய்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். எண்ணை நீங்களே பதிவேட்டில் தேடிப் பார்த்து, உங்கள் பெயர் வருகிறதா என உறுதிசெய்யுங்கள். தொலைபேசி எண் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள்.

அடையாள எண் பொறித்த கால் வளையத்தைக் கழற்றிவிடலாமா? கம்பியில் மாட்டிக்கொள்ளும் தளர்ந்த வளையம் காலையே முறித்துவிடும், அதை எடுத்துவிடலாம். சரியாகப் பொருந்திய மூடிய வளையம் இருந்தால் விட்டுவையுங்கள், கண்டெடுப்பவர் ஸ்கேனர் இல்லாமலே படிக்கலாம். பறவை தொலைந்தால் அறிவிப்பில் ‘மார்பில் ஸ்கேன் செய்யவும், கூண்டுக்கு வெளியே’ என்று எழுதுங்கள். நாய் பழக்கத்தில் பிடரியில் மட்டும் ஸ்கேனரை ஓட்டிவிட்டு ‘சிப் இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். கூண்டின் கம்பிகளும் அலையைத் தடுக்கும்.