பதினோராம் நாள் முளைத்த பாகல்

நேற்றுக் காலை ஈர டிஷ்யூ தாளைப் பிரித்தால், ஒரு பாகல் விதையின் கூர்முனை வெடித்து, குருணை அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. ஆறு வருட விதை. ஈரத்தில் வைத்துப் பதினோராம் நாள். போன மாதம் இதே பொட்டலத்தைக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனேன் என்பதால்தான் இவ்வளவு கொண்டாட்டம்.

இன்னும் முளைக்குமா என்று பார்க்க எடுத்த என் பழைய விதை டப்பாவில் இருந்தவை தக்காளி, கத்தரி, வெண்டை, வெங்காயம், பாகல். மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை வயது. முதல் சுற்றில் வகைக்குப் பத்து விதையாக டிஷ்யூ தாளில் சுருட்டி, ஜிப் கவரில் நிறுத்திவைத்தேன். எட்டாம் நாள் தக்காளியில் நான்கு முளைத்திருந்தன. மற்றதெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று கணக்கை முடித்துவிட்டேன்.

கூடையருகே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. முளைத்த நான்கு தக்காளியும் சுருளின் மேல்பகுதியில் இருந்தவை. அடியில் இருந்த ஆறும் அழுகியிருந்தன. ஒரே பொட்டலம், ஒரே தாள். கவரை நிமிர்த்தி வைத்ததில் தண்ணீரெல்லாம் அடியில் தேங்கியிருக்கிறது. முளைக்கும் விதைக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அதிலும் கிழ விதையின் உட்சவ்வுகள் நைந்திருக்கும்; தண்ணீரில் ஊறிக் கிடந்தால் உள்ளே இருக்கும் சர்க்கரை கசிந்து பூஞ்சைக்கு விருந்தாகிவிடும்.

அதன்பிறகு ஒரு வாரம் தாளின் ஈரத்தோடுதான் குடித்தனம். கையால் பிழிவது போதவே போதாது. சொட்டு நிற்கும்வரை பிழிந்த பிறகும் உலர்ந்த துணிக்கு நடுவே வைத்து ஒருமுறை அழுத்த வேண்டும். பிறகு கட்டைவிரலால் தாளை அழுத்திப் பாருங்கள். விரலைச் சுற்றிப் பளபளவென்று நீர் வளையம் தெரிந்தால் இன்னும் அதிகம். விரலை எடுத்தால் தோலில் குளிர்ச்சி மட்டும் மிஞ்ச வேண்டும். திருப்தி வராமல் தராசிலும் வைத்தேன்: உலர்ந்த நான்கு தாள் 8 கிராம், முதல் சுற்றில் நான் நனைத்ததுபோல் நனைத்தால் 41 கிராம், சரியான பதத்தில் 21. ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையில் விதையை மூழ்கடித்துவிட்டு, அதற்கு வயதாகிவிட்டது என்று பழி போட்டிருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் கவரைப் படுக்கவைத்தேன், தினமும் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டினேன். தக்காளி எட்டு, கத்தரி ஐந்து, வெண்டை நான்கு. வெங்காயம் பூஜ்யம், அது ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காத சாதி என்பதால் வருத்தமில்லை.

பாகலில் மிஞ்சியிருந்தது எட்டே விதை. ஓடு தடிமன் என்பதால் நகவெட்டியால் கூர்முனையின் ஓரத்தை நறுக்கினேன். முதல் இரண்டில் ஆழமாக வெட்டிப் பருப்பையே காயப்படுத்திவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டும் கொழகொழத்துப்போயின. மூன்றாவதிலிருந்து வெட்டுவதை விட்டுவிட்டு, நகவெட்டியின் வாயில் ஓரத்தைக் கவ்வி மெல்ல நெருக்கினேன். 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். நேற்று முளைத்தது அப்படி நெருக்கியதில் ஒன்று.

தண்ணீரில் போட்டு மிதப்பதெல்லாம் செத்தவை என்று சொல்பவர்களிடம் ஒரு வார்த்தை. மிதந்த தக்காளி விதை ஒன்பதைத் தனியாக முளைக்கவைத்தேன், ஆறு முளைத்தன. தக்காளி விதையின் பூமயிரில் காற்று ஒட்டிக்கொண்டால் அது மிதக்கத்தான் செய்யும்.

பத்து விதைக் கணக்கையும் ரொம்ப நம்பக் கூடாது. பத்தில் ஏழு முளைத்தால் உண்மையான முளைப்புத்திறன் 35 சதவீதத்திலிருந்து 93 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். விதைப் பரிசோதனைக் கூடங்களில் 400 விதை வைப்பது அதற்காகத்தான். நான் 400 வைத்தால் விதைக்க எதுவும் மிஞ்சாது.

விற்பவர்கள்மீதும் ஒரு மனக்குறை உண்டு. பொட்டலத்தில் அடைத்த தேதி இருக்கிறது, அறுவடை செய்த வருடம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் புதிதாக வாங்கிய கத்தரியில் பத்துக்கு மூன்றுதான் முளைத்தது. என் கிழட்டுக் கத்தரி அதைவிட மேல்.

அடுத்தது சேமிப்பு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த தோராயக் கணக்கு. கண்ணாடிச் சாடி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு என்று ஏற்பாடு நடக்கிறது. சாடியை வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்தபிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பீல் என்ற தாவரவியலாளர் மண்ணில் புதைத்த புட்டிகளில் ஒன்றை 2021இல் தோண்டி எடுத்தபோதும் அதிலிருந்த களை விதைகளில் சில முளைத்தன. ஆறு வருடப் பாகலுக்கு நான் அலட்டிக்கொள்வது சற்று அதிகம்தான்.

முளைத்ததைக் குழித்தட்டுக்கு மாற்றிவிட்டேன். பதினோரு நாள் எடுத்துக்கொண்ட விதைக்கு வீரியம் குறைவாகத்தான் இருக்கும், கொடி ஏறுமா என்று தெரியவில்லை. மீதி ஐந்தையும் இன்னும் எறியவில்லை. இன்று காலையும் தாளை அழுத்திப் பார்த்தேன். வளையம் இல்லை.