நல்ல பிள்ளையின் பை

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

சிங்கப்பூரின் தேசிய தினப் பேரணி உரையை அண்ணன் வீட்டில் பார்த்தோம். மின்சிகரெட்டை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே கையாளப் போவதாகப் பிரதமர் லாரன்ஸ் வோங் சொன்னதும் அண்ணன் பலமாகத் தலையாட்டினார். உயர்நிலை மூன்று படிக்கும் சின்னவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அண்ணியின் மீன் குழம்பு பிரமாதம்.

ஆகஸ்ட் 30, சனி

காலை ஏழு மணிக்கே அண்ணி தொலைபேசியில் அழைத்தார். பேச்சு வரவில்லை, அழுகைதான்.

சின்னவனின் பென்சில் பெட்டியில் மின்சிகரெட் இருந்ததாம். இளநீல நிறம், ஹைலைட்டர் பேனா போன்ற உருவம், திராட்சை மிட்டாய் வாசனை. "என்னுடையது இல்லை அத்தை, நண்பனுடையது" என்றான். வாய் வைக்கும் முனையில் பல் தடம் இருந்தது. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே பென்சிலைக் கடித்துத் துப்புகிறவன் அவன். நான் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மின்சிகரெட்டில் கலக்கப்படும் மயக்க மருந்தான எட்டோமிடேட், இன்று முதல் சட்டப்படி 'சி' பிரிவுப் போதைப்பொருள். மயக்க மருந்துப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். நோயாளியின் எடை பார்த்து, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்று கணக்கிட்டு மருத்துவர் செலுத்துவார். ஒரு நிமிடத்துக்குள் ஆள் உறங்கிவிடுவார். சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். அதனால்தான் பக்கத்தில் பிராணவாயுவும் கண்காணிப்புக் கருவியும் ஆட்களும் இருப்போம். அதே மருந்தை, அளவே தெரியாமல், மாடிப்படியில் உட்கார்ந்து பிள்ளைகள் இழுக்கிறார்கள். பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில் மூன்றில் ஒன்றில் இது இருந்ததாக ஜூலையில் சுகாதார அமைச்சு சொன்னது. சின்னவனுடையதில் என்ன இருந்தது என்று அவனுக்கே தெரியாது.

இதையெல்லாம் அண்ணனுக்கு விளக்கினேன். "என்ன குறை வைத்தேன் இவனுக்கு?" என்பதைத் தவிர அவரிடம் வேறு கேள்வி இல்லை. மருந்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த என்னிடமும் அதற்குப் பதில் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பள்ளி விடுமுறை. காப்பிக்கடையில் இரண்டு தேநீர், ஒரு பரோட்டா. அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டே சின்னவன் பேசினான்.

முதல் இரண்டு மாதம் அவன் இழுக்கவே இல்லையாம். வைத்திருந்தான், அவ்வளவுதான். "என் பையை யாரும் சோதிக்க மாட்டார்கள் அத்தை. நான் நல்ல பிள்ளை" என்றான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சூட்டிய பட்டம் அது. வகுப்பில் யாரும் பேசாத பையனிடம் மூன்று பேர் ஒரு பொருளை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் இடைவேளையில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒருநாள் "நீயும்தான் இழுத்துப் பாரேன்" என்றார்களாம். மறுத்திருந்தால் அந்த இடம் போயிருக்கும்.

பிறகு நிக்கோட்டின் தன் வேலையைச் செய்தது. இழுக்காவிட்டால் படபடப்பு, இழுத்தால் அமைதி. அந்தப் படபடப்பைத் தருவதே அதுதான் என்று பதினைந்து வயதில் யாருக்குத் தெரியும்? தேர்வுப் பயம் என்று நினைத்திருக்கிறான். அவனைவிட மோசம், நாங்களும் அப்படியே நினைத்து இன்னொரு துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிட்டோம்.

மனநலக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், போதைப்பொருளை முதலில் தொட்டவர்களின் சராசரி வயது 15.9. அவனுக்கு இப்போது பதினைந்து.

செப்டம்பர் 9, செவ்வாய்

"அவன் மாமா வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்றார் அண்ணன். மூன்றாவது முறை.

செப்டம்பர் 13, சனி

தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை. பிடிபட்டால் பதினெட்டு வயதுக்குக் கீழ் 500 வெள்ளி அபராதம். வியாழனன்று சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உதவி எண்ணுக்கு அவனே பேசினான். நான் அறைக்கு வெளியே நின்றேன்.

இன்று சமூக மன்றத்தில் மின்சிகரெட்டைப் போடுவதற்கென்று இருக்கும் தொட்டியில் அதைப் போடப் போனோம். அந்தச் சிறு பொட்டலத்தை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பேருந்தில் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நான்கு நிறுத்தமும் பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தேன். சின்னவன் அதைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

பொட்டலத்தை அவனே பிரித்தான். ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். தொட்டிக்குள் மூன்று முறை சத்தம் கேட்டது.

"மற்ற இரண்டும்?"

"கேட்காதீர்கள் அத்தை."

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.